ஆடாம நிக்கிற குதிரை

மாமல்லபுரம் கடற்கரைக்கு வர்றவங்க குதிரையைப் பார்த்ததும் மூணு கேள்வி கேப்பாங்க. ஒரு ரவுண்டு எவ்ளோ? கடிக்குமா? இது ஏதாவது வித்தை காட்டுமா? முதல் ரெண்டுக்கும் குதிரைக்காரப் பசங்களே பதில் சொல்லிடுவாங்க. மூணாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நெல்லு, வேர்க்கடலை, தர்பூசணின்னு எழுதிக்கிட்டு இருந்தவன் திடீர்னு குதிரை ஏறிட்டானேன்னு நினைக்காதீங்க. நான் ஏறலை. ஏறினது எங்க பெரியப்பா பேரன். படிச்சது ஐடிஐ. ஓஎம்ஆர்ல ரெண்டு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை பார்த்துட்டு, அது சரிப்படலைன்னு கடன் வாங்கி ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினான். சாயங்காலமும் லீவு நாளும் கடற்கரை சவாரி, முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை ஊர்வலம். கட்டி வைக்க இடம் இல்லாததால திருப்போரூர்ல இருந்து நெம்மேலி போற பக்கம் இருக்கிற எங்க நிலத்துல, பம்புசெட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டாய் போட்டுக்கிட்டான். தினமும் சாயங்காலம் குதிரையைக் குட்டி யானையில ஏத்திக்கிட்டுக் கிளம்புவான். குட்டி யானையில குதிரை போறதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்க ஊர்ல கிடையாது.

குதிரை பெண் குதிரை. பேர் வெள்ளச்சி. வாங்கும்போதே "டான்ஸ் தெரிஞ்ச குதிரை"ன்னு சொல்லித்தான் வித்திருக்காங்க. கூடவே ஒரு கடிவாளமும் குடுத்தாங்க. அதை ஒருநாள் கையில எடுத்துப் பார்த்தேன். வாய்க்குள்ள போற இரும்புல வரிசையா முள்ளு. நம்ம மாட்டு மூக்கணாங்கயிறு இதுக்கு முன்னாடி பட்டு நூல் மாதிரி.

கல்யாணக் குதிரை எப்படி ஆடுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா அந்த முள்ளுல இருந்துதான் ஆரம்பிக்கணும். மேல உக்காந்திருக்கிறவன் குதிங்காலால விலாவுல தட்டுவான். அதுக்கு அர்த்தம் 'முன்னாடி போ'. அதே நேரம் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பான். அதுக்கு அர்த்தம் 'போகாதே'. போகச் சொல்லி ஒரு அடி, போகாதேன்னு ஒரு குத்து. பாவம், அது எங்க போகும்? இருந்த இடத்துலயே காலை மாத்தி மாத்தி மிதிக்கும். பக்கத்துல மேளம் அடிச்சா அது தாளத்துக்கு ஆடுற மாதிரி நமக்குத் தெரியும். செல்போனை எடுத்துடுவோம்.

வெள்ளச்சிக்கு இது எவ்ளோ ஆழமாப் பதிஞ்சிருந்ததுன்னா, கடிவாளமே இல்லாம சும்மா மேயும்போதும், தூரத்துல அம்மன் கோயில் பம்பை சத்தம் கேட்டாப் போதும். தலையைத் தூக்கும். கழுத்து வேர்த்துடும். ஆள் யாரும் மேல இல்லாமலே கால் மிதிக்க ஆரம்பிச்சிடும். முதல் தடவை பார்த்தப்ப எங்க வீட்டுக்காரம்மா, "ஐயோ, இதுக்கு ஆட்டம் இல்லைங்க, நடுக்கம்"னு சொன்னாங்க. எனக்கு அதுக்கு மேல சரியான வார்த்தை கிடைக்கலை.

இதுல நம்ம பையனோட சங்கடம் வேற. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண ஆர்டர். புரோக்கர் அட்வான்ஸ் குடுத்துட்டு, "குதிரை ஆடணும், பார்ட்டி அதைத்தான் கேக்குது"ன்னு கறாரா சொல்லிட்டுப் போயிட்டார். முள்ளுக் கடிவாளம் போட மனசு வரலை. போடலைன்னா ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லைன்னா ஆர்டர் இல்லை. கடன் தவணை மட்டும் மாசம் தவறாம வரும்.

"சித்தப்பா, அடிக்காம இதுக்கு வேற ஏதாவது வித்தை சொல்லிக் குடுக்க முடியுமா?"ன்னு கேட்டான். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. சொர்ணவாரி நெல்லு கதிர் வாங்குற நேரம், எனக்கும் தண்ணி கட்டுறது தவிரப் பெரிய வேலை இல்லை. "வாடா, பார்த்துடலாம்"னேன். ஏர் மாடு பழக்கின கைதானே.

ஆனா மாடு பழக்குறது வேற, குதிரை பழக்குறது வேற. கன்னு மாட்டை நல்லா உழுற கிழ மாட்டோட நுகத்துல பூட்டினா, பெருசைப் பார்த்துப் பாதி பழகிடும். இங்க அந்த மாதிரி ஜோடி கிடையாது. உழவு மாடு நம்ம மண்ணுலயே பிறந்தது. குதிரை நம்ம கடற்கரைக்குக் கப்பல்ல வந்த விருந்தாளி. சங்கப் பாட்டுலயே கடல் வழியா குதிரை வந்த கதை இருக்கு. 13ஆம் நூற்றாண்டு கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல அரபுக் குதிரை வாங்குனதையும், வளர்க்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம அதுங்க வருஷம் திரும்புறதுக்குள்ள செத்துப் போனதையும் எழுதி வச்சிருக்கார். ஐயனாருக்கு மண் குதிரை செய்யத் தெரிஞ்ச அளவுக்கு உயிர்க் குதிரையை வச்சுக்க நமக்குத் தெரியலையோன்னு தோணும்.

ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா வரும். ஈரோடு மாவட்டம். அங்க கூடுற குதிரைச் சந்தை தமிழ்நாட்டுல ரொம்பப் பிரபலம். திப்பு சுல்தான் காலத்துல இருந்து நடக்குதுன்னு சொல்வாங்க. ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டோம். கத்தியவார், மார்வாரி ரகமெல்லாம் அங்கதான் கிட்ட நின்னு பார்த்தேன். காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நுனி தொட்டுக்கிட்டு நிக்கும், பார்க்கவே அழகு. வணக்கம் வைக்கிறது, முட்டி போடுறது, கால் தூக்கி நடக்கிறதுன்னு சனம் சுத்தி நின்னு கைதட்டுது. ஒரு பெரியவர் குதிரையைக் கால் தூக்க வச்சுக்கிட்டு இருந்தார். அவர் கைக்கும் குதிரை வாய்க்கும் நடுவுல கயிறு தளர்ந்து தொட்டில் மாதிரி தொங்குது. எப்படிங்க ஐயான்னு கேட்டோம். "கயிறு தொங்கணும் தம்பி. கயிறு இறுகினா அது உன் வித்தை. தொங்கினா குதிரையோட வித்தை"ன்னு சொல்லிட்டு வெத்தலை மடிக்கப் போயிட்டார். அவ்ளோதான் பாடம். பஸ் செலவுக்கு மேலயே கிடைச்சிருச்சு.

ஊருக்கு வந்ததும் முதல் அஞ்சு நாள் வித்தை எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான். நாக்கால 'ட்ச்'னு ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு கேரட். சத்தம் வந்தா கேரட் நிச்சயம்னு அதுக்குப் புரியணும். ஏன் சத்தம்னா, குதிரை செஞ்ச காரியத்துக்கும் அதுக்குக் கிடைக்கிற பலனுக்கும் நடுவுல ரெண்டு மூணு நொடி போனாலே எதுக்குக் குடுத்தாங்கன்னு அதுக்கு விளங்காது. கேரட்டை எடுத்து நீட்ட நேரம் ஆகும், நாக்குக்கு ஆகாது. சர்க்கஸ் டால்பின்ல இருந்து போலீஸ் நாய் வரைக்கும் விசில், கிளிக்கர்னு வெச்சுப் பழக்குறது இதே கணக்குலதான்.

கேரட்டை வட்டமா வெட்டக் கூடாது, தொண்டையில அடைச்சிக்கும். நீளவாட்டுல கீறணும். விரல் மடக்காம உள்ளங்கையை விரிச்சு வச்சுக் குடுக்கணும். குதிரைக்குக் கண்ணு பக்கவாட்டுல இருக்கிறதால சுத்தி ஏறக்குறைய எல்லாமே தெரியும், ஆனா மூக்குக்கு நேர் கீழே தெரியாது. உதட்டால தடவித்தான் எடுக்கும். விரல் எது, கேரட் எதுன்னு அது பார்க்கிறதில்லை. வெல்லம் எப்பவாவது ஒரு துணுக்கு, அவ்ளோதான். குதிரைக்கு உடம்பு பெருசு, இரைப்பை சின்னது. சாப்பிட்டது ஒத்துக்கலைன்னா வாந்தி எடுக்கவும் அதால முடியாது. வயித்து வலின்னு படுத்துட்டா உயிருக்கே ஆபத்து. இன்னொண்ணு, சட்டைப் பையை மோந்து பார்த்துப் பிடுங்கினா ஒண்ணும் கிடையாது. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பி ஒழுங்கா நின்னா 'ட்ச்'. இந்த மரியாதையை முதல்ல சொல்லித் தரலைன்னா, நீங்க வளர்க்கிறது குதிரை இல்லை, பிக்பாக்கெட்.

அடுத்தது பெயிண்ட் டப்பா மூடி. ஒரு குச்சியில கட்டி நீட்டினோம். குச்சியைப் பார்த்ததுமே பத்தடி பின்னாடி ஓடிடுச்சு. அதுக்குத் தெரிஞ்ச குச்சி ஒரே வேலைதான் செய்யும். குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு மூடியைக் கையிலயே பிடிச்சான். மூக்கால தொட்டா 'ட்ச்'. ரெண்டே நாள்ல மூடி எங்க போனாலும் பின்னாடியே வந்துச்சு. வரப்பு மேல, சாக்கு விரிச்ச தரையில, கடைசியில குட்டி யானைக்குள்ளயும் தானா ஏறுச்சு. முன்னாடி நாலு பேர் தள்ளணும்.

அப்புறம் கால் தூக்குறது. முட்டிக்குக் கீழே விரலால தொடுவான். குளம்பு ஒரு அங்குலம் எழும்பினாலும் 'ட்ச்'. மறுநாள் ரெண்டு அங்குலம் எழும்பினாத்தான். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா விலையை ஏத்திக்கிட்டே போகணும். ஒரே நாள்ல ஏத்தினா யாரும் வாங்க மாட்டாங்க, நம்ம தர்பூசணி மாதிரிதான். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அதுக்கு மேல கிடையாது. இன்னும் செய்யணும்னு அதுக்கு ஆசை இருக்கும்போதே நிறுத்திடணும்.

பத்து நாள்ல 'கால்'னு சொன்னா தூக்க ஆரம்பிச்சுது. பையனுக்குப் பெருமை தாங்கலை. எங்க வீட்டுக்காரம்மா போய் 'கால்'னு சொன்னாங்க. அசையலை. நான் சொன்னேன். அசையலை. அப்புறம் பையனை நிறுத்தி வச்சு உத்துப் பார்த்தோம். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவன் இடது தோள் லேசா இறங்குது. வெள்ளச்சி அதைப் பார்த்துத்தான் காலைத் தூக்குது. தமிழ் வார்த்தை அதுக்கு எதுக்கு?

இதே கதை நூறு வருஷத்துக்கு முன்னாடி பெர்லின்ல பெரிய அளவுல நடந்திருக்கு. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன்னு ஒரு கணக்கு வாத்தியார். அவர் குதிரை பேர் ஹான்ஸ். கூட்டல் கழித்தல் கேட்டா குளம்பால தட்டிச் சரியான விடை சொல்லும். 1904ல அறிஞர்கள் குழு வந்து பார்த்துட்டு, இதுல ஏமாத்து எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் பொறுமையா சோதிச்சார். கேக்குற ஆளுக்கே விடை தெரியலைன்னா குதிரைக்கும் தெரியலை. கேக்குறவர் குதிரை கண்ணுக்கு மறைஞ்சிருந்தாலும் தெரியலை. விஷயம் என்னன்னா, தட்டுற எண்ணிக்கை சரியான இடத்துக்கு வந்ததும் கேட்டவர் தலை தன்னை அறியாம இம்மி அளவு அசையும். ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்திடும். 1907ல இதைப் புத்தகமாவே போட்டார். குதிரைக்குக் கணக்கு வராதுன்னு பலர் சிரிச்சாங்களாம். எனக்கு அது சிரிக்கிற விஷயமாப் படலை. நமக்கே தெரியாத நம்ம அசைவைப் படிக்கிற ஒரு ஜீவனுக்குப் போய் முள்ளு வச்ச இரும்பு எதுக்கு? தோள் போதுமே.

வணக்கம் வைக்கிறது இன்னும் சுலபம். மண்ணு மெத்துனு இருக்கிற இடமாப் பார்த்து, முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல கேரட்டைக் காட்டணும். தலையைக் கீழே விட்டு எட்டும். நாளுக்கு நாள் கேரட்டைக் கொஞ்சம் பின்னாடி, கொஞ்சம் கீழே கொண்டு போனா, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி முன்பக்கம் தாழும். பார்க்கிறவங்களுக்குக் கும்பிடுற மாதிரி இருக்கும். ரெண்டு காலுல நிமிர்ந்து நிக்கிறதை மட்டும் சொல்லித் தர வேண்டாம்னு தீர்மானமா இருந்தோம். குழந்தைங்க சவாரி பண்ற குதிரை, கூட்டத்துக்கு நடுவுல அந்த வித்தை ஞாபகம் வந்து நிமிர்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாம் சரி, மேளம்தான் மலை மாதிரி நின்னுச்சு. கால் தூக்கும், கும்பிடும், தூரத்துல டம்னு ஒரு சத்தம் கேட்டா அத்தனையும் மறந்து நடுங்கும். பக்கத்து ஊர்ல பம்பை அடிக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார், எனக்கு ரொம்ப நாள் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். பம்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்துட்டார்.

பனை மர வரிசைக்கு அந்தப் பக்கம், நல்லா இருநூறு அடி தள்ளி அவரை நிக்க வச்சோம். வெள்ளச்சி முன்னாடி கொள்ளு ஊற வச்சத் தட்டு. அவர் விரல் நுனியால லேசா தட்டுவார். அது தலை நிமிராம மென்னுக்கிட்டே இருந்தா ஒரு எட்டு முன்னாடி வருவார். தலை நிமிர்ந்தா ஒரு எட்டு பின்னாடி போவார். அவ்ளோதான் சட்டம். முதல் நாள் முன்னாடி வந்ததை விடப் பின்னாடி போனதுதான் அதிகம். பெரியவர் அலுத்துக்கவே இல்லை. எட்டாவது நாள் களத்துமேட்டுக்கு வந்துட்டார். பன்னெண்டாவது நாள் குதிரைக்குப் பத்தடியில நின்னு நல்லாவே அடிச்சார். வெள்ளச்சி ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பிட்டு, கொள்ளுல இருந்து வாயை எடுக்கலை.

அவர் பம்பையை இறக்கி வச்சுட்டுத் துண்டால முகத்தைத் துடைச்சார். "நாப்பது வருஷமா ஆளுங்களை ஆட வெக்கத்தான் அடிச்சேன். ஒரு ஜீவனை ஆடாம நிக்க வெக்க இப்பதான் அடிக்கிறேன்"னார். குடுத்த பணத்துல பாதியைத் திருப்பிக் குடுத்துட்டு, மீதியில டீ குடிச்சிட்டுப் போனார்.

கல்யாணத்தன்னைக்கு நானும் கூடப் போனேன். பையன் முன்னாடியே சொல்லிட்டான், குதிரைக்குப் பக்கத்துல பத்தாயிரம் வாலா கொளுத்தக் கூடாதுன்னு. முள்ளு இல்லாத சாதாரணக் கடிவாளம், தலையில குஞ்சம், முதுகுல ஜரிகைப் போர்வை. பேண்டு செட்டு கிளம்புச்சு. வெள்ளச்சி நடந்துச்சு. வெறுமனே நடந்துச்சு, அவ்ளோதான். எனக்கு மட்டும் கழுத்து வேர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கணும்னு கை பரபரத்துது. காஞ்சு கிடந்துச்சு.

மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க, "டான்ஸ் எங்க ப்ரோ?"ன்னு கேட்டாங்க. பையன் நிறுத்தி, தோளை இறக்கினான். கால் தூக்குச்சு. இன்னொரு கால். மண்டப வாசல்ல பொண்ணோட ஆயா ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்க. மாப்பிள்ளையை இறக்கி விட்டுட்டு, அவங்க முன்னாடி போய் ஒரு கும்பிடு. ஆயா தட்டை அப்படியே பக்கத்துல இருந்தவங்க கையில குடுத்துட்டு, பதிலுக்குக் குதிரையைக் கும்பிட்டாங்க. குழந்தைங்க விடவே இல்லை, இன்னொரு தடவை இன்னொரு தடவைன்னு.

எல்லாருக்கும் திருப்தியான்னு கேட்டா, இல்லை. "போன வாரம் பார்த்த குதிரை ரெண்டு கால்ல நின்னு ஆடுச்சு, இது என்ன சும்மா நிக்குது"ன்னு ஒருத்தர் புரோக்கர்கிட்ட சொல்லிட்டார். பாக்கிப் பணத்துல ஐந்நூறு ரூபாய் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் புரோக்கர் அதுக்கப்புறம் கூப்பிடவும் இல்லை. ஆனா வீடியோ எடுத்த தம்பி, "அண்ணா, ஷாட் முடியற வரைக்கும் அசையாம நிக்கிற குதிரையை நான் இப்பதான் பார்க்கிறேன்"னு நம்பர் வாங்கிட்டுப் போனார். அவர் மூலமா ஐப்பசியில ரெண்டு ஆர்டர் வந்துச்சு. ரெண்டுமே போட்டோ ஷூட். தவணை கட்டுற அளவுக்கு வருது, மிச்சம் பிடிக்கிற அளவுக்கு இல்லை. பையன் முள்ளுக் கடிவாளத்தைப் பழைய இரும்புக் கடையில போடப் போனான். வேற யாராவது வாங்கி மாட்டிடுவாங்கன்னு நான்தான் வாங்கி, சம்மட்டியால முள்ளை நசுக்கி, மாட்டுக் கொட்டாய் கதவுக்குத் தாழ்ப்பாளா வச்சிருக்கேன்.

பட்டணத்துல இருந்து படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் குதிரை வைக்கிறதா இருந்தா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்க் குதிரையைப் பாருங்க. வாய் ஓரத்துல புண்ணு, ரத்தம், உரிஞ்ச தழும்பு இருக்கான்னு பாருங்க. கை தூக்கினா தலையைப் பின்னுக்கு இழுக்குதான்னு பாருங்க. முள்ளு வச்ச கடிவாளம் சட்டப்படியே கூடாது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ 1965லயே விதி போட்டிருக்காங்க. ஆனா நம்ம ஊர்ல சட்டத்தை விடப் பார்ட்டி சொல்றதுதான் சீக்கிரம் நடக்கும். "ஆடணும்"னு நீங்க கேட்டா முள்ளு மாட்டுவாங்க. "ஆட வேணாம், நடந்து வந்தாப் போதும்"னு நீங்க சொன்னா, அதையும் கேட்டுத்தான் ஆகணும். ஏன்னா துட்டு உங்களோடது.

கடற்கரையில சவாரி போறவங்களும் அப்படித்தான். ஏறுறதுக்கு முன்னாடி கயிறைப் பாருங்க. தொங்குதான்னு பாருங்க.

வெள்ளச்சி இப்ப நல்லா இருக்கு. யாரும் சொல்லிக் குடுக்காத ஒரு வித்தையும் கத்துக்கிட்டிருக்கு. பம்புசெட் மோட்டார் போட்டா தொட்டியில தண்ணி வரும்னு அதுக்குத் தெரியும். கரண்ட் வந்து, நான் சுவிட்ச் பக்கம் நடந்தாலே முன்னாடி ஓடிப் போய்த் தொட்டிகிட்ட நின்னு ஒரு காலைத் தூக்கிக் காட்டுது. என் தோள் எப்ப இறங்குச்சுன்னு எனக்கே தெரியலை.